விமானத்தின் எல்லையை வரைபவர்கள்: சோதனைப் பறப்பும் ராமநாதபுரம் கடலோரமும்

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் 2009இல் முறைப்படி தொடங்கப்பட்டது. 2012இல் ஆளில்லா விமானங்களுக்கான பிரிவும் அங்கே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதி மக்களுக்கு வானில் கேட்கும் இரைச்சல் அன்றாட வழக்கமாகிவிட்டது. வழக்கமாகாமல் நிற்பவை செய்திகளில் வரும் சில சொற்கள்தாம். ‘சோதனைப் பறப்பின்போது விபத்து’, ‘பயனர் சோதனை நிறைவு’, ‘ஏற்புச் சோதனையில் கோளாறு’, ‘மீண்டும் பறக்க அனுமதி’ என்று நாளிதழ்கள் எழுதும்போது, அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று யாரும் விளக்குவதில்லை.

இதனால் நேர் எதிரான இரண்டு ஐயங்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. சோதனையில் தேறாத விமானத்தை எங்கள் தலைக்கு மேல் ஏன் பறக்க விடுகிறார்கள் என்பது ஒன்று. ஒரு விமானத்தைச் சோதிக்கப் பத்து, பதினைந்து ஆண்டுகளா என்பது மற்றொன்று. இரண்டுமே சோதனையைப் பள்ளித் தேர்வைப் போல, தேறியது அல்லது தவறியது என்று நினைப்பதால் வருபவை.

தேர்வா, அளவெடுப்பா?

இதற்கு உவமை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பாலத்தில் பொருத்தப்பட்ட காற்றுமானி அந்த எண்ணைத் தொட்டதும் சிக்னல் மறுக்கப்படும். பயணிகள் மண்டபத்தில் காத்திருப்பார்கள். பாலம் பழுது என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த அளவு வரை அதை நம்பலாம் என்று ஒருவர் முன்கூட்டியே அளந்து எழுதி வைத்திருக்கிறார் என்பதே பொருள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் இதே கதைதான். முதலில் வெறும் எஞ்சின் ஓடியது. பிறகு பெட்டிகள் ஓடின. 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து ஆய்வு செய்தார். பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், மேலெழும் தூக்குப் பகுதியில் மட்டும் 50 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கிடைத்தது.

ராணுவ விமானத்தின் சோதனையும் இப்படிப்பட்ட எண்களைக் கண்டுபிடிக்கும் வேலைதான். பாலத்துக்கு இரண்டு மூன்று எண்கள் போதும். விமானத்துக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். எவ்வளவு எடையோடு, எந்த உயரத்தில், எந்த வெப்பத்தில், எந்தத் திசைக் காற்றில், எவ்வளவு வேகமாக, எவ்வளவு சரிந்து திரும்பலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்து வரைபடமாகப் போட்டால் கிடைக்கும் மூடிய கோட்டையே இத்துறையினர் ‘என்வலப்’ என்கிறார்கள். தமிழில் பறப்பு எல்லை என்று சொல்லலாம். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் வரை, பயிற்சி முடித்த சாதாரண விமானி ஒருவர் விமானத்தை நம்பி ஓட்டலாம். கோட்டை வரைவது சோதனைப் பிரிவின் பணி. கோடு எங்கே விழும் என்று இன்னும் தெரியாத இடத்துக்கு முதலில் போகிறவர் சோதனை விமானி.

முதல் ஐயத்துக்கு விடை இதிலேயே இருக்கிறது. பருந்து தளத்திலிருந்து அன்றாடம் எழும் விமானங்கள் ஏற்கெனவே வரையப்பட்ட கோட்டுக்குள் பறப்பவை. கோட்டை விரிக்கும் பறப்புகள் அதற்கென்று ஒதுக்கிய வேறு இடங்களில் நடக்கின்றன.

நான்கு வகைச் சோதனைகள்

செய்திகளில் ‘சோதனை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை உண்மையில் நான்கு வேறு வேலைகள். அவற்றைச் செய்பவர்களும் வேறு வேறு.

1. வளர்ச்சிச் சோதனை. வடிவமைத்தவர்கள் கணக்கிட்டபடி விமானம் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது. தேஜஸ் போர் விமானத்துக்கு இதைச் செய்தது பெங்களூரில் உள்ள தேசியப் பறப்புச் சோதனை மையம். அதன் விமானிகள் விமானப் படையிலிருந்தும் கடற்படையிலிருந்தும் வந்தவர்கள்.

2. வானேற்புச் சான்று. விமானமும் அதன் ஒவ்வொரு கருவியும் பாதுகாப்பானவை என்று எழுத்தில் உறுதி அளிப்பது. இந்தியாவில் ராணுவ விமானங்களுக்கு இப்பொறுப்பு பெங்களூரில் இருக்கும் செமிலாக் என்ற அமைப்பிடம் இருக்கிறது. இது வடிவமைப்பாளருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நிற்பது.

3. பயனர் மதிப்பீடு. விமானம் பறக்கிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது. ஆனால் எங்கள் வேலைக்கு உதவுமா என்று படைப்பிரிவு கேட்கும் கேள்வி. விமானப் படையில் இதற்கான தலையாய நிறுவனம் ஆஸ்டி என்று அழைக்கப்படும் விமான மற்றும் அமைப்புகள் சோதனை நிலையம். 1957இல் கான்பூரில் சிறு சோதனைப் பிரிவாகத் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு இடம் பெயர்ந்து இன்றைய வடிவம் பெற்றது. சோதனை விமானிகளுக்கான பள்ளியும் அதற்குள்ளேயே நடக்கிறது.

4. ஏற்புப் பறப்பு. வகை ஏற்கெனவே சான்று பெற்றது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட விமானம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று தொழிற்சாலையை விட்டு வெளிவரும் ஒவ்வொன்றையும், பெரிய பழுதுபார்ப்பு முடிந்து வரும் ஒவ்வொன்றையும் பறந்து பார்ப்பது.

வெளிநாடுகளிலும் இந்தப் பிரிவினை உண்டு. அமெரிக்கக் கடற்படை வளர்ச்சிச் சோதனையைப் பெரும்பாலும் பட்டக்ஸன்ட் ரிவர் தளத்தில் செய்கிறது. களத்தில் உதவுமா என்று பார்க்கத் தனி ஸ்குவாட்ரன்களை வைத்திருக்கிறது. பிரிட்டனில் ஆளில்லா விமானங்களைக் கடற்படைக்காகச் சோதிக்கவே 700எக்ஸ் என்ற பிரிவு 2014இல் தொடங்கப்பட்டது.

நான்கையும் பிரித்து வைத்திருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. செய்தவரே சரிபார்த்தால், தன் கணக்கில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவர் மட்டும் சரிபார்த்தால், அவசரத் தேவை தீர்ப்பைச் சாய்த்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2013 டிசம்பரில் இரண்டாம் கட்டத் தொடக்கநிலைச் செயல்பாட்டு அனுமதி. 2019இல் முழு அனுமதி. இந்த இடைவெளியில் வடிவமைப்புத் தாமதங்களும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணிசமான பகுதி, எல்லைக் கோட்டைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளிக்கொண்டு போகும் இந்த வேலைக்குத்தான் செலவானது.

ஒரு சோதனைப் பறப்பின் உள்ளே

சோதனை விமானி என்றதும் துணிச்சல்காரர் என்ற படமே மனத்தில் எழுகிறது. துணிச்சல் தேவைதான். அதைவிடத் தேவைப்படுவது ஒழுங்கு.

பறப்புக்கு முன்பே, என்ன செய்யப் போகிறோம் என்பது அட்டைகளில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். இன்ன உயரத்தில், இன்ன வேகத்தில், கட்டுப்பாட்டுத் தண்டை இவ்வளவு அசைத்து, இத்தனை நொடி காத்திரு என்பது வரை அதில் இருக்கும். எந்த அளவு தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்பதும் அதே அட்டையில் இருக்கும். விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் எஞ்சினிலும் பொருத்திய உணரிகள் ஒவ்வொரு அதிர்வையும் டெலிமெட்ரி வழியாகத் தரையில் இருக்கும் அறைக்கு அனுப்பும். அங்கே திரைகளின் முன் பறப்புச் சோதனைப் பொறியாளர்கள் அமர்ந்திருப்பார்கள். இறக்கை நடுக்கத்தின் கோடு சிறிது தடித்தாலும், விமானி அதை உடலில் உணர்வதற்கு முன்பே அறையிலிருந்து ‘நிறுத்து’ என்ற குரல் போகும். அந்தக் குரலுக்கு விளக்கம் கேட்பது வழக்கமில்லை.

ஒரே தாவலில் உச்ச வேகத்துக்குப் போவதும் வழக்கமில்லை. ஒரு புள்ளி, அதன் தரவைப் பார்த்துக் கணக்கோடு ஒப்பிடல், பிறகு அடுத்த புள்ளி. கணக்கும் தரவும் விலகினால் விமானம் கீழே இறங்கும். கணக்கு மறுபடி போடப்படும். ஒரு வாரம் முழுவதும் ஒரே ஒரு புள்ளியில் நிற்பதும் உண்டு.

எண்களால் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. விமானம் ஓட்டுவதற்கு எவ்வளவு கடினம் என்பது அது. இதற்காக ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் என்ற இரு அமெரிக்கர்கள் 1969இல் வெளியிட்ட பத்துப் படி அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. விமானி ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமாராக இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. கேள்விகளுக்கு வரிசையாக விடை சொல்லி ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும். கட்டுப்படுத்த முடிந்ததா? தாங்கக்கூடிய உழைப்பில் வேலை முடிந்ததா? திருத்தம் எதுவும் இல்லாமலே திருப்தியா? 1 முதல் 3 வரை வந்தால் திருப்தி. 4 முதல் 6 வரை என்றால் குறைகளைத் திருத்துவது நல்லது. 7 முதல் 9 வரை திருத்தியே ஆக வேண்டும். 10 என்றால் விமானம் கையை விட்டுப் போகிறது. விமானியின் சொல்லை மற்றொரு விமானியின் சொல்லோடு ஒப்பிடத்தக்கதாக ஆக்கியது இந்த அளவுகோலின் பெரும் சாதனை. ககன்யான் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரும், அவர்களுள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும், சோதனை விமானிகளாக இருப்பது தற்செயல் அல்ல. அறிமுகமில்லாத கருவியை அளந்து சொல்லும் இந்தப் பழக்கம்தான் அங்கே வேண்டும்.

கொடுத்த விலை

இந்த ஒழுங்கு எல்லாம் இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. மூன்று நிகழ்வுகளைப் பார்க்கலாம்: இரண்டு வளர்ச்சிச் சோதனையில் நேர்ந்தவை, ஒன்று ஏற்புப் பறப்பில் நேர்ந்தது.

1. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமான மாருத்தை 1961 ஜூனில் முதன்முதலாகப் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரி 10 அன்று அதே வகையின் மேம்படுத்தப்பட்ட விமானம் ஒன்றைச் சோதிக்கும்போது இறந்தார். இது வளர்ச்சிச் சோதனை.

2. 2009 மார்ச் 6 அன்று பெங்களூருக்கு அருகே பிடதியில் சாரஸ் என்ற சிறு பயணிகள் விமானத்தின் இரண்டாவது மாதிரி விழுந்தது. ஆஸ்டியைச் சேர்ந்த இரண்டு விமானிகளும், பறப்புச் சோதனைப் பொறியாளரான ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜாவும் உயிரிழந்தனர். வானில் எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அது. வகுத்துத் தந்த வழிமுறையே தவறாக இருந்தது, அதைச் செய்த உயரமும் போதவில்லை என்று விசாரணை கூறியது. அட்டையில் எழுதும் ஒரு வரி எவ்வளவு எடையுடையது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

3. 2019 பிப்ரவரி 1 அன்று, மேம்படுத்தி முடித்த மிராஜ் 2000 போர் விமானம் ஒன்று பெங்களூரில் ஏற்புப் பறப்புக்காக எழும்போதே விபத்துக்குள்ளாகி இருவர் இறந்தனர். அந்த வகை பல பத்தாண்டுகளாகப் பறந்துகொண்டிருந்தது. ஆனாலும் பழுதுபார்த்து வெளிவரும் ஒவ்வொரு விமானமும் ஏற்புப் பறப்பைப் பொறுத்தவரை புது விமானமே.

கடல் ஏன் தனிப் பாடம்

இந்திய விமானப் படை 2009க்கும் 2011க்கும் இடையே ஆறு வெளிநாட்டுப் போர் விமானங்களைக் களத்தில் சோதித்தபோது, இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் பெங்களூரு, ஜெய்சல்மேர், லே. சமவெப்பம், பாலைவனம், பனிமலை என்ற அந்த வரிசையில் கடற்கரை இல்லை. விமானப் படையின் தேவைக்கு அது சரியாக இருக்கலாம். கடற்படைக்கு அது போதாது. அதனால்தான் கப்பல் தளத்தைப் போன்ற மேடேறும் ஓடுபாதையைக் கோவாவில் கட்டி, தேஜஸின் கடற்படை வடிவத்தை அங்கே பல ஆண்டுகள் பறக்கவிட்ட பிறகு, 2020 ஜனவரி 11 அன்று விக்கிரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கினார்கள். 2022இல் ரஃபேல் கடற்படை வடிவமும் அதே கோவா மேடையில்தான் தன் திறனைக் காட்டியது.

கோவாவில் சரிபார்த்தது ராமநாதபுரத்துக்கும் பொருந்துமா? பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத பகுதியைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வெப்பம். கடல் மட்டத்தில் 38 டிகிரி வெயிலில் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு மெலிந்துவிடுகிறது. சாதாரண நாளில் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கு அது சமம். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் நூறு மீட்டர் அளவுக்கு மெலியும். ஹெலிகாப்டரின் சுழலிக்குப் பிடிமானம் அந்த அளவுக்குக் குறையும். ஆயினும் இதை இக்கடலோரத்தின் தனிச் சிக்கல் என்று சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஒரு கோடை நண்பகலில் பறந்து தேறிய ஹெலிகாப்டருக்கு உச்சிப்புளியின் காற்று அடர்த்தியானதாகவே இருக்கும்.

உப்பு அப்படி அல்ல. தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டரின் எஞ்சின், காற்றோடு சேர்த்து உப்புத் துளிகளையும் உறிஞ்சுகிறது. அவை, காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் இதழ்களின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். இதழின் வடிவம் மயிரிழை மாறினாலும் எஞ்சினின் வலு குறையும், அதை ஈடுகட்ட எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், வெப்பம் ஏறும். அதனால் கடல் மேல் பறந்து திரும்பியதும் எஞ்சினுக்குள் நன்னீர் செலுத்திக் கழுவுகிறார்கள். எத்தனை மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கழுவ வேண்டும், கழுவாமல் எத்தனை நாள் தாங்கும் என்ற எண்ணிக்கை வெறும் கணக்கில் கிடைக்காது. உப்புக் காற்றில் நிறுத்தி, பறந்து, பிரித்துப் பார்த்தால்தான் கிடைக்கும். கடற்கரை வீட்டின் இரும்புச் சன்னல் எத்தனை ஆண்டு தாங்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதே உப்புதான், மிக நுண்ணிய பாகங்களின் மேல் படிகிறது.

கடலில் பணிபுரியும் விமானத்துக்குத் தனித் தீர்ப்பு வேண்டும் என்பதைத் துருவ் ஹெலிகாப்டரின் அண்மைக் கால வரலாறு கண்முன் நிறுத்துகிறது. 2023 மார்ச்சில் மும்பைக்கு அருகே கடற்படையின் ஒன்று கடலில் இறங்க நேர்ந்தது. 2024 செப்டம்பரில் போர்பந்தருக்கு அப்பால் கடலோரக் காவல் படையின் ஒன்று விழுந்தது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரிலேயே மற்றொன்று விழுந்து மூவர் இறந்தனர். விமானியின் கட்டளையைச் சுழலி இதழ்களுக்குக் கொண்டுசெல்லும் ஸ்வாஷ்பிளேட் என்ற தட்டில் முறிவு ஏற்பட்டிருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ்களும் ஒரே நேரத்தில் தரையில் நிறுத்தப்பட்டன. தரைப்படையும் விமானப் படையும் வைத்திருந்தவை 2025 மே மாதம் மீண்டும் பறக்க அனுமதி பெற்றன. கடற்படையும் கடலோரக் காவல் படையும் வைத்திருந்தவை அதற்குப் பிறகும் நெடுநாள் தரையிலேயே இருந்தன. பெயரும் அடிப்படை வடிவமும் ஒன்றாக இருந்தும், கடலில் வேலை செய்யும் ஹெலிகாப்டரைப் பற்றிய தீர்ப்பைத் தனியாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

அடுத்து, இந்தக் கடலுக்கே உரிய இரட்டைத் தன்மை. தனுஷ்கோடியில் நின்று பார்ப்பவருக்கு ஒரு பக்கம் பாக் நீரிணையின் பெண் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் ஆண் கடல். ஆண் கடலின் சிக்கல் காற்றும் அலையும். பெண் கடலின் சிக்கல் வேறு. காற்றில்லாத விடியற்காலையில் அது கண்ணாடி போல் கிடக்கும். வானும் நீரும் ஒரே நிறமாகி, தொடுவானம் மறைந்துவிடும். அலை இல்லாத நீர்ப்பரப்பின் மேல் தன் உயரத்தை விமானியால் கண்ணால் கணிக்க முடியாது. ஐம்பது மீட்டரும் பத்து மீட்டரும் ஒன்று போலத் தோன்றும். பார்ப்பதற்கு அமைதியான கடலே இரவில் தாழப் பறப்பவருக்கு அபாயமானது.

பறவைகளையும் சொல்ல வேண்டும். பூநாரைகள் வந்து தங்கும் தனுஷ்கோடி நீர்நிலைகள் 2025 ஜூனில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பூநாரைக் கூட்டம் எழும் நேரமும் உயரமும் தாழப் பறக்கும் எந்த விமானத்துக்கும் வரம்பு வகுப்பவை.

படகின் மேல் தொங்கி நிற்றல்

இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடும் வேலை ஒன்று உண்டு. அது நடுக்கடலில் படகிலிருந்து ஒருவரைக் கயிற்றால் தூக்குவது.

தரைக்கு மிக அருகில் நிற்கும் ஹெலிகாப்டருக்குத் தரையே உதவி செய்கிறது; கீழே தள்ளிய காற்று தரையில் முட்டி நிற்பதால் குறைந்த வலுவில் மிதக்க முடிகிறது. இந்த உதவி ஏறக்குறைய சுழலியின் விட்டத்தளவு உயரம் வரைதான். துருவின் சுழலி விட்டம் 13.2 மீட்டர். விசைப்படகின் பாய்மரக் கம்பும் ஆண்டெனாவும் வலைக் கயிறுகளும் இருப்பதால் அவ்வளவு தாழ இறங்க முடியாது; மேலே நின்றால் அந்த உதவி இல்லை. அந்த நிலையில் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால், மீதமுள்ள ஒன்றால் ஹெலிகாப்டரை அதே இடத்தில் தாங்க முடியாமல் போகலாம். மூக்கைத் தாழ்த்தி முன்னோக்கி வேகமெடுத்துத்தான் தப்ப வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். எந்த எடையில், எந்தக் காற்றில், எந்த உயரத்துக்குக் கீழே நிற்கக் கூடாது என்ற வரைபடம் இதற்காகவே வரையப்படுகிறது.

படகோ விமானியின் கண்ணுக்கு மறைந்து, வயிற்றுக்குக் கீழே போய்விடுகிறது. கதவருகே மண்டியிட்டிருக்கும் கயிற்றாளர் ‘முன்னே இரண்டு மீட்டர்… ஒரு மீட்டர்… நில்’ என்று சொல்லும் குரல்தான் விமானிக்குக் கண். சுழலிக் காற்றில் படகு தள்ளப்படுகிறது. அலையில் ஏறி இறங்குகிறது. உப்புத் தூவானம் கண்ணாடியை மறைக்கிறது. இதைப் பகலில் செய்து பார்த்த சோதனை விமானி கூப்பர்–ஹார்ப்பர் அளவில் 4 என்று எழுதலாம். அதே ஹெலிகாப்டரில், அதே எடையில், நிலவில்லாத இரவில், பெண் கடலின் அசையாத நீர் மேல் 7 என்று எழுத நேரலாம். அந்த வேறுபாடே, இரவு மீட்புக்குக் கூடுதல் கருவி வேண்டுமா என்ற கேள்விக்கு விடை.

கண்ணுக்குத் தெரியும் படகும் ரேடாருக்குத் தெரியும் படகும்

பயனர் மதிப்பீட்டின் முக்கியத்துவத்தை இக்கடலோரத்தில் மிகத் தெளிவாகக் காட்டுவது தேடும் பணிதான். கண்காணிப்பு விமானத்தின் ரேடார் எத்தனை கிலோமீட்டரில் ஒரு கப்பலைக் காணும் என்பது தயாரிப்பாளரின் ஏட்டில் இருக்கும். ஆனால் வாடைக் காற்றில் திரும்பாமல் போன நாட்டுப்படகு ஒரு கப்பல் அல்ல. மரமும் ஃபைபரும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாதவை. படகின் உயரமோ அலையின் உயரத்தோடு போட்டி போடுவது. அலைகளிலிருந்தே திரும்பி வரும் எதிரொலியில் அந்தச் சிறு புள்ளி தொலைந்துவிடும்.

ஆகவே ஏட்டில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு தேடும் பாதையை வகுத்தால், இரண்டு பாதைகளுக்கு நடுவே படகு விடுபட்டுப்போகும். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இங்குள்ள வத்தை என்னும் நாட்டுப்படகையும் ஃபைபர் படகையும் குறித்த இடத்தில் நிறுத்தி, வாடையிலும் தென்மேற்குக் காற்றான கச்சானிலும் தனித்தனியே பறந்து, எத்தனை தூரத்தில் தெரிந்தது, எத்தனை முறை தவறியது என்று எழுதுவது. எஞ்சினையும் இறக்கையையும் பெங்களூரில் சரிபார்க்கலாம். இதை அங்கே செய்ய இயலாது.

ஆளில்லா விமானம்: இணைப்பு அறுந்தால் என்ன செய்யும்?

விமானி உள்ளே இல்லாததால் ஆளில்லா விமானத்தைச் சோதிப்பது எளிது என்று தோன்றும். உயிராபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் விமானியின் உடல் உணரும் அதிர்வு, மணம், சத்தம் எதுவும் தரையில் இருப்பவருக்குக் கிடையாது. உணரி சொல்லாததை அவர் அறிய வழியில்லை.

இதில் தலையாய சோதனை, வேண்டுமென்றே இணைப்பைத் துண்டிப்பது. தரையோடு தொடர்பு அறுந்தால், விமானம் முன்கூட்டி எழுதி வைத்தபடி ஓர் உயரத்துக்கு ஏறி, ஒரு புள்ளியில் வட்டமிட்டு, இணைப்புக்காகக் காத்திருந்து, கிடைக்காவிட்டால் தளத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது? பரந்த கடலில் இது எளிய கேள்வி. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எல்லைக் கோடு அதில் பாதித் தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் நாலரை நிமிடத்தில் அதைத் தொட்டுவிடும். காத்திருக்கும் நேரம், திரும்பும் வளைவின் அகலம், காற்று தள்ளும் தூரம் எல்லாம் அந்த நாலரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்.

கோளாறு தீர்க்க முடியாததானால் கடைசி வழி, ஆளில்லாத நீர்ப்பரப்பில் இறக்கிவிடுவது. 2024 செப்டம்பரில் அரக்கோணம் தளத்திலிருந்து பறந்த, குத்தகைக்கு எடுக்கப்பட்ட எம்.கியூ-9பி வகை ஆளில்லா விமானம் ஒன்று சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் அப்படித்தான் இறக்கப்பட்டது. விமானம் போயிற்று, படகில் இருந்த எவருக்கும் தீங்கில்லை. எங்கே இறக்குவது என்று முன்பே சிந்தித்திருப்பதன் பயன் அதுவே. அடுத்த மாதமே அதே வகையில் 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது, 15 கடற்படைக்கு.

இங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

இதுவரை சொன்னவற்றிலிருந்து இக்கடலோரத்துக்குச் சில முடிவுகள் வருகின்றன.

1. வளர்ச்சிச் சோதனைக்கு இது பொருத்தமான இடம் இல்லை. எல்லைக் கோட்டை விரிக்கும் பறப்புக்கு ஆளற்ற பெரும்பரப்பு வேண்டும். கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே 2017இல் திறக்கப்பட்ட சோதனைத் தளம் அதற்கென்றே அமைந்தது. நெருக்கமான மீன்பிடிப் படகுகளும் சர்வதேச எல்லையும் தீவுகளும் சேர்ந்த பாக் நீரிணையில் அந்த இடம் கிடையாது.

2. பயனர் மதிப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஒரே மணி நேரத்தில் இரண்டு வகைக் கடலின் மேல் பறக்கலாம். சிறு படகுகள், உப்பு, பறவை, எல்லை நெருக்கம் எல்லாம் ஒருங்கே கிடைக்கின்றன. புதிய ஹெலிகாப்டரோ ஆளில்லா விமானமோ இங்கே பணிக்கு வருமுன், ஒரு முழு வாடைக் காலமும் ஒரு முழு கச்சான் காலமும் மதிப்பீட்டுப் பிரிவின் கையில் இங்கேயே இருப்பது அவசியம் என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

3. மதிப்பீட்டில் கிடைக்கும் எண்களில் ரகசியம் தேவையில்லாத சில உண்டு. எவ்வளவு காற்று வரை ஹெலிகாப்டர் மீட்புக்கு எழ முடியும், இரவில் கயிற்றால் தூக்க முடியுமா, ஃபைபர் படகு எத்தனை தூரத்தில் ரேடாரில் தெரியும் என்பவை மீன்வளத் துறைக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்கும் மீனவர் சங்கங்களுக்கும் தெரிந்தால், கடலுக்குச் செல்ல அனுமதிக்கும் டோக்கனைக் கொடுப்பதா நிறுத்துவதா என்ற முடிவே மாறும். ரேடார் அலையைத் திருப்பும் சிறு உலோகக் கருவியைப் படகில் கட்டுவதால் எவ்வளவு பயன் என்பதும் அப்போது எண்ணாகவே தெரிந்துவிடும்.

4. கடலில் பயிற்சியோ சோதனையோ நடக்கும் நாட்களில் வரும் ‘இந்தப் பகுதிக்குள் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பில், நேரமும் ஆள்கூறுகளும் இருந்தால் மட்டும் போதாது. இந்த ஊருக்கு நேர் கிழக்கே இத்தனை பாகம் ஆழத்தில், இந்தத் தீவுக்குத் தெற்கே இத்தனை தூரம் என்று கரையில் பேசும் வழக்கில் எழுதினால்தான் அது படகு வரை போய்ச் சேரும்.

இனி ஒரு செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி எளியது: இது நான்கில் எந்தச் சோதனை? வளர்ச்சிச் சோதனையில் கோளாறு வந்தால், கோடு எங்கே என்று தேடும்போது வந்தது. ஏற்புப் பறப்பில் வந்தால், தொழிற்சாலையின் தரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் பணியில் இருந்த ஹெலிகாப்டரில் வந்தால், பயனர் மதிப்பீட்டின்போது உப்பையும் அலையையும் எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் மீட்பு ஹெலிகாப்டரை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் நெருக்கமானது.